தேதி போடாத மேப்

அவுட்லைன் மேப்ல பானிபட் எங்க, பிளாசி எங்கன்னு புள்ளி வெச்ச ஞாபகம் நம்ம எல்லாருக்கும் இருக்கும். வரலாற்றை மேப் வெச்சு சொல்லித்தர்றது நமக்கு சாதாரண விஷயம். ஆனா 200 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கப் பள்ளிக்கூடத்துல அது புதுசு. அதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டினவங்க எம்மா வில்லார்ட்.

1787-ல கனெக்டிகட்ல பிறந்தவங்க. பெண்களை எந்தக் காலேஜும் சேர்த்துக்காத காலம் அது. இவங்க வீட்டுல தங்கி காலேஜ் போன கணவரோட சொந்தக்காரப் பையனோட ஜியாமெட்ரி புத்தகத்தை எடுத்து, தானே படிச்சுக்கிட்டாங்க. 1814-ல வீட்டுலயே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. 1819-ல, பெண்கள் படிப்புக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கணும்னு ஒரு திட்டம் எழுதி நியூயார்க் சட்டசபை முன்னாடி வெச்சாங்க. பணம் வரல. ட்ராய்ங்கிற ஊர் 4,000 டாலர் திரட்டித் தந்துச்சு. 1821-ல அங்க பெண்கள் பள்ளி திறந்தாச்சு. கணக்கும் அறிவியலும் பெண்களுக்கு எதுக்குன்னு கேட்ட காலத்துல அங்க ரெண்டும் பாடம்.

சரி, அட்லஸுக்கு வருவோம். 1828-ல இவங்க எழுதின அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தோட துணையா வந்தது அது. அந்த நாட்டோட முதல் வரலாற்று அட்லஸ்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஐடியா ரொம்ப சிம்பிள். அதே நிலம், ஒவ்வொரு மேப்புக்கும் ஒரு வருஷம். பக்கத்தைப் புரட்டப் புரட்ட, கடலோரமா இருந்த காலனிகள் மெல்ல உள்ளே நகரும். கோடு மாறும், பேர் மாறும். கிட்டத்தட்ட பேப்பர்ல ஒரு அனிமேஷன். 1620-க்கான மேப்ல மேஃப்ளவர் கப்பல் கரையை நெருங்குறதைக்கூட வரைஞ்சிருப்பாங்க. வருஷத்தை மனப்பாடம் பண்றதை விட, கண்ணால பார்த்த இடம் மனசுல நிக்கும்ங்கிறது அவங்க நம்பிக்கை. எனக்கும் அது சரின்னுதான் படுது.

ஆனா என்னை உறுத்துறது முதல்ல வர்ற அறிமுக மேப். பூர்வகுடி மக்கள் எங்கெங்க இருந்தாங்க, எப்படியெல்லாம் இடம் மாறினாங்கன்னு காட்டுது. அவங்களுக்கு இடம் கொடுத்ததே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். அதுக்கப்புறம் வர்ற மேப்புகளுக்கு வரிசை எண் இருக்கு, வருஷம் இருக்கு. இதுக்கு ரெண்டும் இல்ல. நூற்றாண்டுக் கணக்குல நடந்த நகர்வுகள் எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டிருக்காங்க. தலைப்புல அதுக்கு வெச்ச பேரே ‘அலைச்சல்கள்’. கடல் தாண்டி வந்தவங்களுக்கு வரலாறு, அங்கேயே இருந்தவங்களுக்கு வெறும் அலைச்சலா?

அதைப் பார்த்து வளர்ற ஒரு பொண்ணு, இவங்க எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோன கதைன்னு நினைச்சுக்க மாட்டாளா? அட்லஸ் வந்த 1828-ல செரோக்கி மக்கள் ஜார்ஜியாவுல தங்களோட சொந்த எழுத்துல பத்திரிகை அச்சடிச்சுட்டு இருந்தாங்க. 1827-லயே தங்களுக்குன்னு அரசியல் சட்டம் எழுதியாச்சு. அதாவது, மேப்ல தேதி இல்லாத மக்கள் நிஜத்துல தேதி போட்டுப் பேப்பர் நடத்திட்டு இருந்தாங்க! ரெண்டே வருஷத்துல, 1830-ல, அவங்களை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்புறதுக்கான சட்டம் வந்துடுச்சு.

இந்த அட்லஸோட ஸ்கேன் டேவிட் ரம்சி மேப் கலெக்‌ஷன்ல இலவசமா இருக்கு. போய்ப் பாருங்க. அந்த முதல் மேப்பை நல்லா ஸூம் பண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் பக்கத்தைத் திருப்புங்க.