நாடி பார்க்கும் மலைப் பெண்கள்! சிசு மரணத்தை விரட்டிய சிட்லிங்கி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரம் குழந்தை பிறந்தால் 150-ஐ ஒட்டி ஒரு வயது முடிவதற்குள் செத்துப்போயின. அப்போது நாடு முழுவதுக்கும் சராசரி 80-ஐ ஒட்டித்தான்.

கத்திக்குத்து இல்லை, விஷம் இல்லை. அதனால் போலீஸ் கேசும் இல்லை. வந்த எமன் பேதியும் சளிக் காய்ச்சலும். பிரசவத்தில் சிக்கல் வந்தால் தாயும் சேர்ந்து போவாள்.

இடத்தின் பெயர் சிட்லிங்கி. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கிறது. அரூரில் பஸ் ஏறி கோட்டப்பட்டி வழியாகப் போகவேண்டும். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்றால் கிட்டத்தட்ட 50 கிலோ மீட்டர் தாண்டி அரூருக்கு ஓட வேண்டும். ராத்திரியில் வண்டிக்கு எங்கே போவது?

இங்கே இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேசுவது தமிழ். காஞ்சீபுரம் பக்கத்தில் இருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஆனால் வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் தம்பதி நிஜமாகவே கேரளக்காரர்கள்!

குடிசையில் ஆஸ்பத்திரி

டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி. காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு 1993-ல் இங்கே ஆரம்பித்தார்கள். ஊர் ஜனம் சேர்ந்து கட்டிக்கொடுத்த குடிசைதான் ஆஸ்பத்திரி. பிரசவமும் ஆபரேஷனும் அதற்குள்ளேயேதான்.

டாக்டர் இரண்டு பேர், மலைக்கிராமங்களோ பல. நர்ஸ் வேலைக்கு வெளியூரில் இருந்து ஆள் வருமா? வராது. ஆகவே உள்ளூர்ப் பெண்களையே கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள்தான். நாடி பார்த்தார்கள், பிரசவம் பார்த்தார்கள், ஆபரேஷனில் டாக்டருக்குக் கை கொடுத்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் சுகாதார ஊழியர்களாகவும் பெண்களைப் பழக்கினார்கள். கர்ப்பிணி வீட்டுக்குப் போய் விசாரிப்பது, குழந்தையை எடை போடுவது எல்லாம் இவர்கள் வேலை.

இன்று அது 35 படுக்கை ஆஸ்பத்திரி. ஆயிரத்துக்கு 150-ஐ ஒட்டி இருந்த குழந்தைச் சாவு, 20-ஐ ஒட்டி இறங்கிவிட்டது.

கடிகாரம் போதும்

எம்.பி.பி.எஸ். படிக்காதவருக்கு உடம்பு சாஸ்திரம் புரியுமா என்று கேட்பவர்கள் இதையும் கேட்கட்டும்.

குழந்தைக்கு நிமோனியா இருக்குமோ என்று சந்தேகம். எக்ஸ்ரே மெஷின் இல்லை. செகண்ட் முள் உள்ள கடிகாரம் போதும். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இருமலோடு அந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ தாமதம் கூடாது, ஆஸ்பத்திரி. உலக சுகாதார நிறுவனம் கிராம ஊழியர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது. தாய்மாருக்கும் தெரிந்தால் என்ன குற்றம்?

பேதிக்கும் இப்படித்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர். தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடுதல் உப்பு ஆபத்து. சர்க்கரை ருசிக்காக அல்ல. சர்க்கரையும் உப்பும் ஜோடியாகக் குடலுக்குள் நுழையும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகின்றன. பாக்கெட் கிடைத்தால் பாக்கெட்டே மேல்.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா. சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலை டிரம்மில் கலக்கி வைத்தார். நோயாளிக்கு ஊற்றிக்கொடுத்தது யார்? கூட வந்த சொந்தக்காரர்கள்! நூற்றுக்கு 30 பேர் செத்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே வந்தது.

"எவ்வளவும்மா?"

பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்து 2004-ல் பிரிந்தது கிருஷ்ணகிரி. அங்கே சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள்.

நம்ம ஆட்கள் கையை நீட்டுவதோடு சரி. என்ன வந்தது என்று கேட்பதில்லை. "அதெல்லாம் டாக்டருக்குத் தெரியும் சார்" என்கிறார் கடைக்காரர். கணக்குப் புத்தகத்தில் பத்துப் பைசா விடாதவர்!

"எவ்வளவும்மா?" என்று கேளுங்கள். மேலே 140, கீழே 90. இரண்டில் ஒன்று அந்த அளவுக்கு வந்தாலும், வேறு ஒரு நாள் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்கு இந்த அளவு வந்தால் அன்றைக்கே போகவேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அவருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.