முந்திரிகையின் வேரும் விஞ்ஞானமும்

மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்டும் நம்மவர் பெரும்பாலும் பழத்தின் சுவையையே கருதுவர். அடியில் நிற்கும் ஒட்டுக்கட்டை எவ்வினத்தது என்று வினவுவோர் சிலரே. ஆயின், வேரின் பொருட்டே ஒரு நாட்டின் முந்திரிகைக் கொடிகளிற் பெரும்பாலானவை ஒட்டப்பட்ட வரலாறு ஒன்றுண்டு.

1863ஆம் ஆண்டளவில், தென்பிரான்சில் றோன் ஆற்றை அடுத்த தோட்டங்களிற் கொடிகள் காரணம் புலப்படாது வாடலாயின. பட்ட கொடிகளை அகழ்ந்தோர் வேரில் யாதும் கண்டிலர். 1868இல் மொன்பெலியே நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் பிளாஞ்சோன் என்பாரும் உடன்சென்ற இருவரும் உயிருள்ள கொடியின் வேரை ஆராய்ந்தனர். ஆங்கே மிகச் சிறிய மஞ்சட் பூச்சிகள் மொய்த்திருந்தன. வேர் பட்டதும் அவை அயற்கொடிக்குப் பெயர்ந்துவிடும். கள்வன் அகன்ற பின்னரே வீட்டைச் சோதித்துள்ளனர்! இப்பூச்சியே பிலொக்சேரா.

இஃது அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு கப்பலேறி வந்ததென்பதை மிசூரி மாநிலப் பூச்சியியல் அறிஞர் றைலி உறுதிப்படுத்தினார். தோட்டங்களை நீரில் அமிழ்த்திப் பார்த்தனர். சமநிலத்துக்கன்றி அது பயன்படவில்லை. காபனிருசல்பைட்டை மண்ணுட் செலுத்தினர், செலவு மிகுந்தது. 1874இல் அரசாங்கம் 3 இலட்சம் பிராங்கு பரிசு அறிவித்தது. அதனைப் பெற்றார் எவருமிலர். 1875இல் ஏறக்குறைய 84 மில்லியன் எக்டோலீற்றராயிருந்த முந்திரிகை மது உற்பத்தி, 1889இல் 23 மில்லியனாகச் சுருங்கியது.

பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் கொடிகளின் வேர் அதன் தாக்குதலைத் தாங்கவல்லது. அவ்வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுதலே எஞ்சிய வழி. நோயை அனுப்பிய நாட்டிலிருந்தே மருந்தும் வருவதோ எனப் பலர் சினந்தனர். கனியின் சுவை கெடும் என்றும் அஞ்சினர். வேர் வேற்றினத்ததாயினும் கனி மேற்கிளையின் இனத்ததே என்பதை அனுபவமே அவர்களுக்கு உணர்த்தியது.

எனினும், சுண்ணாம்பு மிக்க நிலங்களில் அமெரிக்க வேர்கள் தோல்வியுற்றன. மிகையான சுண்ணாம்பு வேர் இரும்புச்சத்தை ஏற்பதைத் தடுக்க, இலைகள் மஞ்சளாயின. சுண்ணக்கல்லின் மேல் வாழும் யாழ்ப்பாணத்தவர் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும். 1887இல் வியாலா என்னும் ஆசிரியர் அமெரிக்கா சென்று, ரெக்சாசில் மன்சன் என்பாரின் துணையுடன், சுண்ணாம்பு நிலத்திற் செழித்த பெர்லாண்டியரி இனத்தைக் கண்டார். அதன் தண்டோ எளிதில் வேர்விடாது. ஆகவே பிற இனங்களோடு கலந்து புதிய ஒட்டுக்கட்டைகளை ஆக்கவேண்டியதாயிற்று.

கலிபோர்ணியாவில் விளைச்சல் மிகுதியை விரும்பி, ஐரோப்பியக் கலப்புடைய ஒட்டுக்கட்டை ஒன்றைப் பெரிதும் நட்டனர். அதன் எதிர்ப்பாற்றல் போதாதென்பது பிரான்சில் முன்னரே அறியப்பட்டிருந்தது. 1980களில் பூச்சி அவ்வேர்களைத் தாக்க, ஆயிரக்கணக்கான ஏக்கரிற் கொடிகளைப் பிடுங்கி மீள நட்டனர்.