சென்னை அருங்காட்சியகத்தின் தொடக்கமும் செப்புத் திருமேனிகளின் நிலைமாற்றமும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின்போது பஞ்சமூர்த்திகளின் திருமேனிகள் மாடவீதிகளில் உலா வருகின்றன. பட்டும் மாலையும் அணிகலன்களும் போர்த்திய அவ்வுருவங்களின் வார்ப்பழகு வழிபடுவோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதே மரபில் வார்க்கப்பெற்ற திருமேனிகள் சென்னை எழும்பூரில் அணியின்றிக் கலைப்பொருள்களாக நிற்கின்றன. இந்நிலைமாற்றத்தின் வரலாறு கலையார்வத்தில் தொடங்கவில்லை என்பது கருதத்தக்கது.

1851இல் மருத்துவர் எட்வர்டு பால்பரின் பொறுப்பில் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் இருப்பு, சென்னை இலக்கியச் சங்கம் வழங்கிய நிலவியல் மாதிரிகளே. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்த அது, 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் வளாகத்திற்குப் பெயர்ந்தது. அங்கு 1855இல் விலங்குக் காட்சியும் சேர்ந்தது. மக்கள் இவற்றைச் 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்' என வழங்கினர். நகைப்பாகத் தோன்றினும், கல்லூரியில் பிறந்த நிறுவனத்தின் நினைவு இவ்வழக்கில் பதிந்துள்ளது.

அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1870இல் நிறுவப்பெற்றது. மூலச் சிற்பங்கள் போதாமையால் கிரேக்க, உரோமச் சிற்பங்களின் சுதை அச்சுப்படிகளைக் கொண்டு அது கலைக்கல்வி புகட்டியது. சென்னையின் நிலை இதற்கு நேர்மாறானது. வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்த அமராவதிச் சிற்பங்கள் கைவசம் இருந்தும், அவற்றுள் பெரும்பகுதி 1859இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது.

செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகத்தை அடைய வழிசெய்தது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாயிற்று. அரசு அதனைக் கைக்கொள்ள விரும்பின், மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தந்தாற் போதும். அதாவது, சோழர்காலத் திருமேனியாயினும் சட்டத்தின் கணக்கில் அது உலோக எடையே. வழிபாட்டு உரிமை பற்றிய வினா அக்கணக்கில் இடம்பெறவில்லை.

கலைமதிப்பு பின்னரே வந்தது. சென்னை அருங்காட்சியக நடராசர் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் 1913இல் எழுதிய கட்டுரையும், ஆனந்த குமாரசுவாமியின் ஆய்வுகளும் அதற்கு வித்திட்டன. குமாரசுவாமி 1917இல் பணியேற்றது, முன்பு சுதை அச்சுப்படிகளால் நிறைந்திருந்த அதே பாஸ்டன் அருங்காட்சியகத்தில்தான்.

கற்கள் அனைத்தும் இவ்வழியில் செல்லவில்லை. திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் வட்டார நடுகற்களின் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அப்பகுதி நடுகற்கள் பல இன்றும் வயல்வெளிகளில் நின்று, வேடியப்பன் என்னும் பெயரால் படையல் ஏற்கின்றன.