ஆராதனைத் திரையில் படமும் எழுத்தும் அசைவும்

ஒளியினால் சுவரில் படம் விழச்செய்யும் கலை புதியதன்று. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டிலேயே மாய விளக்கிற்கெனப் படங்கள் வரைந்துவைத்தார். எலும்புக்கூடு ஒன்று தன் தலையைத் தானே கழற்றுவதை அவை காட்டின! அசைவின்மீது மனிதனுக்குள்ள ஆசை இக்கலையோடு உடன்பிறந்தது போலும். 1987இல் பவர்பாயிண்ட் மென்பொருள் வெளிவந்தது. 2001இல் வந்த அதன் பதிப்பில், எழுத்துகளை நாம் வரையும் பாதையில் நகரச்செய்யவும் வழி பிறந்தது. இன்று பல சபைகளில் பாட்டும் வேதபாடமும் இவ்வகை மென்பொருள்களின் வழியே திரையில் தோன்றுகின்றன. அவற்றைச் சபையார் உரிய நேரத்தில் வாசிக்கக் கூடுகிறதா என்பதே நாம் ஈண்டு ஆராயும் வினா.

முதலில் படத்தைக் கவனிப்போம். மலையும் மேகமும் கலந்த படத்தில் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் கறுத்தும் இருக்கும். ஆதலால் எந்நிற எழுத்தும் எங்கேனும் மறையும். மேலும், புரொஜெக்டரால் கருமையை வீச இயலாது. சன்னல் வழி காலை வெயில் திரைமேல் விழுமாயின் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகும். இணையப் பக்கங்களுக்கென 2008இல் வகுக்கப்பட்ட தரநிலை, எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவிகிதம் குறைந்தது 4.5:1 ஆகவும், பெரிய எழுத்திற்கு 3:1 ஆகவும் இருத்தல் வேண்டுமென்கிறது. எழுத்திற்கும் படத்திற்கும் இடையே, படம் சற்றே தெரியுமாறு ஒரு கருநிறப் பட்டையை இடுதல் எளிய பரிகாரம். கண் மங்கிய முதியோர் பலர் கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அசைவோ இதனினும் நுட்பமானது. நம் கண்ணின் நடுப்பகுதியே எழுத்தை வாசிக்கும். ஓரப்பகுதி அசைவை எளிதில் உணர்ந்து பார்வையைத் தன்பால் இழுக்கும். ஆகவே, பின்னணியில் அலை புரளும்போது கண் வரியை விட்டு அலைக்குச் செல்கிறது. சுழன்றும் பறந்தும் வரும் சொல்லை, அது நிற்குமட்டும் எவரும் வாசிக்க இயலாது. எழுத்தெழுத்தாய் வரச்செய்தல் தமிழுக்குச் சிறிதும் பொருந்தாது. 'கொ' என்பதில் குறிகள் இருபுறமும் அமைந்தாலன்றி எழுத்தே நிறைவுறுவதில்லை. ஒரு வரி முழுவதும் அரை வினாடியில் மெல்லத் தெளிந்து தோன்றுதலே போதுமானது. வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சிகள் வலிப்பு நோயுள்ள சிலருக்குத் தீங்கு விளைக்கக்கூடும். அவற்றை அறவே விலக்குக.

கீர்த்தனைகளில் தனியொரு சிக்கலுண்டு. சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புகிறோம். ஒரே அடியை இருமுறை பாடுவதும் வழக்கம். பாட்டுப் புத்தகத்தில் கண் தானே மேலேறிச் செல்லும். திரையிலோ பல்லவி முந்திய பக்கத்தோடு போய்விடுகிறது. ஆதலால் பல்லவியைத் திரையின் மேற்பகுதியில் அசையாது நிறுத்தி, சரணத்தின் அடிகளை மட்டும் ஒவ்வொன்றாய்க் கீழே தோன்றச்செய்தல் நலம். இவ்வளவு வினாடிக்குப்பின் அடுத்த அடி வருக என்று முன்னரே குறித்துவைப்பதை நாம் ஏற்பதற்கில்லை. ஆர்மோனியம் வாசிப்பவர் இன்று மெதுவாய் வாசிக்கலாம். கணிப்பொறிக்கு அது தெரியாது. விசையைக் கையால் அழுத்துக. அதுவும், சபையார் அடுத்த அடிக்கு மூச்செடுக்குமுன் அழுத்துக. எனவே அப்பணியைப் பாட்டறிந்த ஒருவரிடம் ஒப்புவித்து, பாடல்களின் வரிசையைச் சனிக்கிழமையே அவர் கையில் தருதல் வேண்டும்.