உடலிலிருந்து தொடங்கிய சந்திரலேகா

பரதம் என்றதும் பட்டும் நகையும் சலங்கையும்தான் நம் கண்முன் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு உடலிலிருந்து தொடங்கியவர் நடனக் கலைஞர் சந்திரலேகா. 1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகப் பரதம் கற்றவர். பெயர் பெற்ற பின் மேடையைவிட்டுப் பல ஆண்டுகள் விலகியிருந்தார். அந்த விலகலே அவரைச் செதுக்கியது என்பேன். 1985இல் வந்த 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தையும் களரிப்பயிற்று என்னும் போர்க்கலையையும் யோகத்தையும் ஒரே மேடையில் நிறுத்தினார். பரதத்தின் அரைமண்டி நிலையில் முழங்கால்கள் இருபுறமும் விரிய, முதுகுத்தண்டு நிமிர்ந்து நிற்கும். களரி வீரரும் அதேபோல் தாழ்ந்து நின்றுதான் பாய்கிறார். இந்த உறவை அவர் வாதாடவில்லை, ஆடவைத்துக் காட்டினார்.

பக்தியையும் அபிநயத்தையும் குறைத்தால் அது பரதமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், முகபாவத்தை நாடி வரும் ரசிகருக்கு அவர் படைப்புகள் வறண்டு தெரியலாம். ஆனால் அடவின் இலக்கணத்தை அவர் கைவிடவில்லை, அதன் வேரைத் தேடினார். எழுபதைக் கடந்த வயதில், 2001இல், 'ஷரீரா' என்ற படைப்பை உருவாக்கினார். 2006இல் மறைந்தார்.

அப்படி உடலிலிருந்து தொடங்கும் கலைகள் நம்மிடமும் உண்டு. திண்டுக்கல் வட்டாரத்தில் தேவராட்டமும் சிலம்பமும் இன்னும் இருக்கின்றன. இங்குள்ள தொப்பம்பட்டிப் பள்ளி ஆண்டுவிழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளுக்கு, அவற்றையும் கற்றுக்கொடுங்கள்.