லேப்டாப்புக்கும் தோல் உண்டு!

உங்கள் ஸ்கூல் பையில் இருக்கும் ஜாமெட்ரி பாக்ஸை வெளியே எடுங்கள். வாங்கிய அன்று பளபளவென்று இருந்தது இல்லையா? இப்போது எங்கெல்லாம் பெயின்ட் போயிருக்கிறது? நான்கு மூலைகளிலும், நீங்கள் திறந்து மூடும் இடத்திலும்தானே! நடுவில் உள்ள படம் அநேகமாக அப்படியே இருக்கும்.

இப்போது வீட்டில் இருக்கும் லேப்டாப்பைப் பாருங்கள். அது பெயின்ட் அடித்த லேப்டாப்பாக இருந்தால், அங்கேயும் இதே கதைதான். மூலைகளிலும், டைப் செய்யும்போது உள்ளங்கை படும் இடத்திலும்தான் முதலில் நிறம் போகும். ஏன் அப்படி? போகாமல் காப்பாற்ற முடியுமா? வாங்க, பார்க்கலாம்!

மூலை செய்த பாவம் என்ன?

பெயின்ட், லேப்டாப்பின் தோல் மாதிரி. அது பெரும்பாலும் நம் தலைமுடி ஒன்றைவிட மெல்லியதாகத்தான் இருக்கும். அந்த மெல்லிய தோலும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பில் நிற்காது; இரண்டு பக்கமும் விலகிப் போகும். இதற்குக் காரணம், திரவங்களுக்கே உரிய பரப்பு இழுவிசை. அதனால் பெயின்ட் காய்ந்த பிறகு விளிம்பில்தான் மிக மெல்லியதாக இருக்கும். ஆனால், மேஜையில் உரசுவதும் பைக்குள் இடிபடுவதும் அதே விளிம்புதான். பெயின்ட் குறைவான இடத்தில் அடி அதிகம் என்றால், அது எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது காரணம், பிடிமானம். ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். இன்னொன்றில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இரண்டிலும் செலோ டேப் ஒட்டிப் பிரியுங்கள். எண்ணெய் தடவிய டம்ளரில் டேப் ஒட்டவே ஒட்டாது. பெயின்டும் அப்படித்தான். அடிக்கும் இடம் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமலும், லேசான சொரசொரப்போடும் இருந்தால்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

டைட்டானியம் கற்றுத் தந்த பாடம்

பெரிய நிறுவனங்களும் இதில் பாடம் படித்திருக்கின்றன. 2001 ஜனவரியில், அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 'பவர்புக் ஜி4' என்ற லேப்டாப்பை அறிமுகம் செய்தது. தடிமன் 1 அங்குலம்தான்! அதன் உடல் டைட்டானியத்தால் ஆனது. விமானங்களில் பயன்படும் உறுதியான உலோகம் அது. அதன்மேல் வெள்ளி நிறத்தில் பெயின்ட் பூசியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அசந்துபோனார்கள்.

ஆனால் நாளாக நாளாக, விளிம்புகளிலும் உள்ளங்கை படும் இடத்திலும் பெயின்ட் செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. டைட்டானியத்தின் மீது காற்று பட்டவுடனே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். துருப்பிடிக்காமல் காப்பதே அந்தப் படலம்தான். ஆனால் அதன்மேல் பெயின்ட் பிடிப்பது கஷ்டம். போதாததற்கு, கை வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தினமும் பட்டுக்கொண்டே இருந்தன.

2003-ம் ஆண்டு வந்த புதிய பவர்புக்குகளில் டைட்டானியமும் இல்லை, அந்தப் பெயின்டும் இல்லை. அலுமினிய உடலை 'அனோடைசிங்' முறையில் பதப்படுத்தியிருந்தார்கள்.

அனோடைசிங் என்றால்?

அலுமினியத்தை அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பே அலுமினியம் ஆக்சைடாக மாறிவிடும். இது மேலே பூசிய தோல் இல்லை. உலோகத்திலிருந்தே வளர்ந்த தோல்! அதனால் பெயின்ட் போல உரிந்து வராது. மாணிக்கக் கல்லில் இருப்பதும் அலுமினியம் ஆக்சைடுதான். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றில் சாயம் ஏற்றித்தான் வண்ண வண்ண லேப்டாப்புகளைத் தயாரிக்கிறார்கள்.

இது புதிய தந்திரம் இல்லை. 1923-லேயே இங்கிலாந்தில், கடல் விமானங்களின் பாகங்களை உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் கரும்சாம்பல் நிற 'ஹார்டு அனோடைஸ்டு' கடாய் இருந்தால், அதுவும் இந்தக் குடும்பம்தான்!

ஆனாலும் ஆழமாகக் கீறினால் இந்தத் தோலும் போய்விடும். வியர்வையின் உப்பு நாள்பட இதையும் அரிக்கும்.

பிசுபிசுக்கும் லேப்டாப்

சில லேப்டாப்புகளைத் தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும். அது ஒரு தனி வகைப் பூச்சு. சில ஆண்டுகளில் காற்றிலுள்ள ஈரப்பதம் அந்தப் பூச்சைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். அப்போது கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் பழைய நிலைக்கு வராது. இப்படிப்பட்ட லேப்டாப்பை ஈரமான இடத்திலும், வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலும் வைக்காமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* டைப் செய்யும் முன் கை கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். முறுக்கு தின்ற கையோடு தொடவே கூடாது!

* பைக்குள் வைக்கும்போது துணி உறைக்குள் போட்டு வையுங்கள். காம்பஸ், சாவி, சார்ஜர் பின் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும்.

* துடைக்கும் முன் லேப்டாப்பை அணைத்து, சார்ஜர் வயரைக் கழற்றிவிடுங்கள். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். தூசியில் மணல் துகள் இருக்கும். அதோடு சேர்த்துத் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்!

* பிறகு, மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை நேராக லேப்டாப் மேல் தெளிக்கக் கூடாது.

செய்யவே கூடாதது

* நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் மூன்றும் அழுக்கோடு சேர்த்துப் பெயின்டையும் கரைத்துவிடும்.

* பாத்திரம் தேய்க்கும் நார், டூத் பேஸ்ட், சலவை சோடா வேண்டாம். நாரும் பேஸ்ட்டும் கீறிவிடும். சோடா அனோடைசிங் படலத்தையே அரித்துவிடும்.

* ஸ்டிக்கரை வெடுக்கென்று இழுத்தால் பெயின்டும் கூடவே வரும். ஓரத்திலிருந்து மெதுவாக, படுக்கைவாட்டில் பிரியுங்கள். அதைவிட நல்லது, ஒட்டாமலே இருப்பது!

* உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டாதீர்கள். சுரண்டினால் வியர்வை அடியில் புகுந்து, பக்கத்திலுள்ள பெயின்டையும் கிளப்பிவிடும். புண்ணில் பொருக்கைப் பிய்க்காதே என்று அம்மா சொல்வார்களே, அதேதான் இதற்கும்!

கவனித்தீர்களா குட்டீஸ்? லேப்டாப்பின் அழகைக் கெடுப்பதில் பாதி, 'சுத்தம் செய்கிறேன்' என்று நாம் அவசரப்பட்டுச் செய்யும் வேலைதான். போன பெயின்ட் தானாகத் திரும்பி வராது. நம் தோலில் காயம் பட்டால் மறுபடி வளரும். லேப்டாப்பின் தோல் வளராது.

இன்னொரு விஷயம். அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய லேப்டாப் உங்களிடம் வந்து, அதன் மூலையில் பெயின்ட் போயிருந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். நிறம் போனதால் அதன் வேகமும் குறையாது, நினைவாற்றலும் குறையாது. மூலை வெளுத்த ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் வட்டமாகத்தானே வரைகிறது!