மின்சாரக் குட்டி யானை: எத்தனை மூடை, எத்தனை கிலோமீட்டர்?

விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு நாம் யாரும் மிளகாய் வற்றல் வாங்குவதில்லை. கையில் அள்ளிப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். மின்சாரச் சரக்கு வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். மின்சார ஏஸ் 2022-ல் அறிமுகமானது. அதில் ஏற்றக்கூடிய சுமை 600 கிலோ. 2024-ல் 1,000 கிலோ ஏஸும், 765 கிலோ வரை ஏற்றும் மகிந்திரா ஜியோவும் வந்தன. 2025 ஜூனில் 750 கிலோ ஏஸ் புரோ வந்தது. நம் கணக்கில் சொன்னால், 50 கிலோ சீனி மூடை முறையே 12, 20, 15, 15.

ஒரு சார்ஜில் ஓடும் தூரமாக இந்த நான்குக்கும் சொல்லப்படுவது 154 முதல் 161 கி.மீ. வரை. இது சோதனைக் கணக்கு. பாரம் ஏற்றி, கடைக்குக் கடை நின்று போகும் வண்டிக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வதே உத்தமம்.

இனி லாபக் கணக்கு. ஏஸ் புரோ பெட்ரோலிலும் வருகிறது, மின்சாரத்திலும் வருகிறது. அறிமுக விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சம், மின்சாரத்துக்கு 6.50 லட்சம். வித்தியாசம் 2.51 லட்சம். 2025 செப்டம்பரில் பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு முன்பிருந்த 5 சதவீதமே நீடித்ததால் இந்த வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 18 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். மின்சார ஏஸ் புரோவின் பேட்டரி 14.4 யூனிட். சேதாரம் சேர்த்து 16 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். மிச்சம் 4 ரூபாய்.

டவுண், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று தினம் 20 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு ஆண்டுக்கு 300 நாளில் மிச்சம் 24,000 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டுக்கு மேலாகும். மகிந்திரா ஜியோவின் பேட்டரி உத்தரவாதமே 7 ஆண்டுதான். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் லைனில் 60 கி.மீ. ஓடுபவருக்கு மிச்சம் 72,000. மூன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும். பாபநாசம் போய் வர 100 கி.மீ. ஆகும். அந்த லைன்காரர் வழியில் சார்ஜ் போட இடம் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. ஐ.பி. 67 என்ற நீர்க்காப்பு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரத்துக்குத்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது தண்ணீர் அரை மணியில் வடியவில்லை. வண்டி நிறுத்தும் இடமும் சார்ஜ் போடும் இடமும் மேட்டில் இருக்கட்டும்.

ஆகவே, வணிக நண்பர்களே, கம்பெனித் தாளை விரிப்பதற்கு முன்னால் ஒரு மாதம் நம் வண்டி தினம் ஓடும் கிலோமீட்டரையும் ஏற்றும் மூடையையும் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். எந்த வண்டி வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.